கண்டதும் கண்டுகொண்டதும்

டைட்டானிக்கைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, படமெடுத்தும் முடித்தாயிற்று. நான் எழுத உத்தேசித்திருப்பது அன்றிரவு மூழ்காத ஒரு கப்பலைப் பற்றி. அதன் பெயர் கலிஃபோர்னியன். லேலண்ட் கம்பெனியின் 6,223 டன் சரக்குக் கப்பல். லண்டனிலிருந்து பாஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு 10.20 மணி சுமாருக்கு, எதிரே பனிக்கட்டிப் பரப்பு வழிமறித்துக் கிடப்பதைக் கண்டு அதன் காப்டன் ஸ்டான்லி லார்ட் கப்பலை நிறுத்தினார். விடியும் வரை நகர்வதில்லை என்பது அவர் தீர்மானம். நல்ல மாலுமியின் தீர்மானம்தான். அதே பனியை நோக்கி டைட்டானிக் வேகம் குறைக்காமல் வந்துகொண்டிருந்தது. அன்றிரவு எச்சரிக்கையாக இருந்தவர் யார் என்று கேட்டால் லார்ட் என்றுதான் சொல்லவேண்டும். அவருடைய பெயர்தான் கெட்டது. எச்சரிக்கையும் கவனமும் ஒன்றல்ல என்று நான் முதலில் சந்தேகப்பட ஆரம்பித்தது இந்த இடத்தில்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். கடலில் தத்தளிப்பவனுக்குக் கை கொடுக்கவேண்டும் என்பது மாலுமிகளின் பழைய வழக்கம். ஆனால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சட்டம் வெகுகாலம் தயங்கிற்று. 1894-ம் வருஷத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம், மோதிக்கொண்ட இரண்டு கப்பல்கள் ஒன்றுக்கொன்று நின்று உதவவேண்டும் என்றது. மோதாத கப்பலுக்கு என்ன கடமை? அதற்கு 1910-ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய நாடுகள் பதில் எழுதின. தன் கப்பலுக்கும் அதிலுள்ளவர்களுக்கும் பெரிய ஆபத்து இல்லாத வரையில், கடலில் உயிருக்கு ஆபத்தான நிலையில் காணப்படும் எவரையும், அவர் எதிரி நாட்டவரே ஆனாலும், காப்பாற்ற முயல்வது காப்டனின் கடமை. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு: காப்பாற்றப்பட்ட உயிர்களிடமிருந்து கூலி எதுவும் பெறுவதற்கில்லை. சரக்கை மீட்டால் வெகுமதி. மனிதனை மீட்டால் கடமை. பிரிட்டன் இதை 1911-ம் வருஷத்துச் சட்டமாக்கியது. அந்த டிசம்பரிலேயே அது அமலுக்கு வந்தது. ஆக, கலிஃபோர்னியன் பனியில் நின்ற இரவில் இந்தக் கடமைக்கு வயது நாலு மாதம்.

இந்தச் சட்டத்தின் வாசகத்தில் என்னை நிறுத்திய சொல் ஒன்றே ஒன்று: 'காணப்படும்'. ஆபத்தில் இருப்பவர் காணப்பட்டால்தான் கடமை பிறக்கிறது. காண்பது யார்? எப்போது கண்டதாக அர்த்தம்? இதைச் சட்டம் விளக்கவில்லை. கண்ணுள்ளவனுக்கு அது தெரியும் என்று நம்பிவிட்டது. தமிழில் நமக்குப் பார்ப்பது வேறு, காண்பது வேறு, கண்டுகொள்வது வேறு. தெருவில் எதிர்ப்பட்டவன் பார்த்துவிட்டுப் போனான் என்றால் குறையில்லை. கண்டுகொள்ளாமல் போனான் என்றால் குறை. 'கண்டும் காணாமல்' என்று ஒரு முழு நடத்தையையே இரண்டு சொல்லில் அடக்கி வைத்திருக்கிறோம். கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் அன்றிரவு நடந்ததற்கு இந்தப் பிரிவினைதான் எனக்குக் கிடைத்த ஒரே சாவி.

இரவு பதினோரு மணி வாக்கில் கிழக்கேயிருந்து ஒரு கப்பலின் வெளிச்சம் வருவது தெரிந்தது. அக்கம்பக்கத்தில் என்ன கப்பல்கள் என்று லார்ட் தம்முடைய வயர்லெஸ் ஆபரேட்டர் எவன்ஸைக் கேட்டார். டைட்டானிக் மட்டும்தான் என்றார் எவன்ஸ். நாம் பனியால் சூழப்பட்டு நிற்கிறோம் என்று அதற்குச் சொல்லிவிடு என்றார் லார்ட். எவன்ஸ் சொன்னார். டைட்டானிக்கின் ஆபரேட்டர் அப்போது பிரயாணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். குறுக்கே வராதே என்று அதட்டிவிட்டார். கண்டுகொள்ளாமை அன்றிரவு இரண்டு கப்பலுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 11.30-க்கு மேல் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். அவருக்கு வயது 20; மாற்று ஆள் கிடையாது. 11.40-க்கு டைட்டானிக் பனிமலையில் இடித்தது.

நள்ளிரவுக்குப் பிறகு மூன்றாம் ஆபீசர் குரோவ்ஸ் தம் காவல் முடிந்து வயர்லெஸ் அறைக்குப் போனார். அவருக்கு அந்தக் கருவியில் ஆசை, கற்றுக்கொண்டிருந்தார். தூங்கிக்கொண்டிருந்த எவன்ஸிடம் ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டுவிட்டு, காதில் மாட்டும் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைப் பிடிக்கும் கருவி கடிகாரம் போலச் சாவி கொடுத்தால்தான் ஓடும் என்பது அவருக்குத் தெரியாது. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் டைட்டானிக் அபயக்குரல் அனுப்பத் தொடங்கியிருந்தது. குரோவ்ஸைக் குற்றம் சொல்வதற்கில்லை. காது கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் காது கொடுப்பதற்கு முன் சாவி கொடுக்கவேண்டியிருந்தது.

மேல்தளத்தில் காவல் இப்போது இரண்டாம் ஆபீசர் ஹெர்பர்ட் ஸ்டோனுடையது. துணைக்குப் பயிற்சி மாலுமி கிப்ஸன், 20 வயது. 12.45 சுமாருக்கு, தெற்கே நின்ற அந்தக் கப்பலின் மேல் ஒரு வெளிச்சம் வெடிப்பதை ஸ்டோன் கண்டார். எரிநட்சத்திரமோ என்று நினைத்தார். பிறகு இன்னொன்று. வெள்ளை ராக்கெட். ஐந்து எண்ணிய பின் 1.15 வாக்கில் பேசுகுழாய் வழியாகக் கீழே சொன்னார். லார்ட் உடைகளைக் களையாமலே படுத்திருந்தார். அவர் கேட்ட கேள்வி: அவை கம்பெனி அடையாள விளக்குகளா? அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தன் கப்பலைத் தெரிவிக்க வண்ண வாணங்கள் இருந்தன. தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்றார் ஸ்டோன். மோர்ஸ் விளக்கால் கூப்பிட்டுப் பார், பதில் வந்தால் கிப்ஸனை அனுப்பு என்று உத்தரவு. பதில் வரவில்லை. கிப்ஸன் இன்னும் மூன்று ராக்கெட்டுகளைக் கண்டார். மொத்தம் எட்டு.

இடையில் இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்தக் கப்பலின் விளக்குகள் ஏதோ விநோதமாகத் தெரிகின்றன என்று ஸ்டோன் சொன்னார். ஒரு பக்கம் தூக்கினாற்போல் இருக்கிறது என்று கிப்ஸனுக்குத் தோன்றிற்று. நடுக்கடலில் எந்தக் கப்பலும் காரணமில்லாமல் ராக்கெட் விடாது என்றும் ஸ்டோன் சொன்னதாகக் கிப்ஸன் பின்னால் சாட்சி சொன்னார். அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று ஸ்டோனும் ஒப்புக்கொண்டார். ஆக, வாசிப்பு நடந்திருக்கிறது. அர்த்தம் உதட்டு நுனி வரை வந்திருக்கிறது. ஆனால் அது இரண்டு பேருக்குள் நின்றுவிட்டது. குழாயில் போனதெல்லாம் எண்ணிக்கை, நிறம், திசை. ஆபத்து என்ற சொல் போகவில்லை. 2.05-க்குக் கிப்ஸனைக் கீழே அனுப்பினார்: எட்டு வெள்ளை ராக்கெட்டுகள், கப்பல் தென்மேற்கில் மறைகிறது. எல்லாம் வெள்ளைதானா, நிறம் ஏதும் இல்லையா என்று காப்டன் கேட்டதாகக் கிப்ஸன் சொல்கிறார். கதவு திறந்து மூடிய சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றார் காப்டன். 2.20-க்கு டைட்டானிக் மூழ்கியது. ஏறக்குறைய 1,500 பேர் செத்தார்கள். 2.40-க்கு ஸ்டோன் மறுபடியும் குழாயில் சொன்னார்: கப்பல் போய்விட்டது.

நிறத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அமலில் இருந்த விதி, இரவில் ஆபத்தை அறிவிக்கும் முறையை இப்படித்தான் வகுத்திருந்தது: ராக்கெட்டுகள், எந்த நிறமானாலும், எந்த வகையானாலும், ஒவ்வொன்றாக, சிறு இடைவெளி விட்டு. நிறம் பொருட்டில்லை என்பது விதியிலேயே இருக்கிறது. மேலே இருந்தவருக்கும் கீழே இருந்தவருக்கும் அந்த விதி தெரியும். ஆனாலும் இரவு முழுதும் மேலும் கீழும் போய்வந்த கேள்வி நிறம்தான். அது அசட்டுக் கேள்வி அல்ல; மிகவும் சாமர்த்தியமான கேள்வி. நிறம் இருந்தால் கம்பெனி அடையாளம், எழுந்திருக்க வேண்டியதில்லை. நிறம் இல்லையென்றாலோ சந்தேகம், விடிந்து பார்க்கலாம். எந்தப் பதில் வந்தாலும் கட்டிலை விட்டு இறங்க வேண்டாத கேள்வி.

மே மாதம் லண்டனில் லார்ட் மெர்ஸி தலைமையில் விசாரணை நடந்தது. (காப்டனின் பெயரும் நீதிபதியின் பட்டமும் ஒன்றாக இருப்பது சரித்திரத்தின் சிறு குறும்பு.) ஸ்டோனை மடக்கி மடக்கிக் கேட்டார்கள். வேடிக்கைக்காக விடப்பட்டவை அல்ல என்று தெரியும்தானே? தெரியும். ஒவ்வொன்றாக, சிறு இடைவெளி விட்டு ராக்கெட் விடுவதுதான் ஆபத்தின் அறிகுறி என்று தெரியும்தானே? தெரியும். அன்றிரவு நீர் பார்த்தது அதேதானே? ஆம். அப்படியானால் என்ன நினைத்தீர்? இங்கேதான் மனிதர் தடுமாறுகிறார். இன்னொரு கப்பலுடன் பேசுகிறதோ, பனிமலை இருக்கிறதென்று நமக்குச் சொல்கிறதோ என்று நினைத்தாராம். சாட்சியத்தைப் படிக்கும்போது எனக்கு அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. தான் கண்டதற்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்று உண்மையாகவே நம்பிய ஒருவரின் தடுமாற்றம் அது. விவரங்கள் என்னுடையவை, அர்த்தம் காப்டனுடையது.

அன்றிரவு ராக்கெட்டுகளைக் கண்ட இன்னொருவரும் அந்தக் கப்பலில் இருந்தார். எர்னஸ்ட் கில் என்ற எஞ்சின் அறைத் தொழிலாளி. வேலை முடிந்து மேலே வந்து நின்றபோது கண்டார். மேல்தளத்துக்குத் தெரிவிப்பது என் வேலையல்ல, அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும் என்று போய்ப் படுத்துவிட்டார். பத்து நாள் கழித்து ஒரு பாஸ்டன் பத்திரிகைக்கு 500 டாலர் வாங்கிக்கொண்டு சத்தியப் பிரமாணம் கொடுத்தார். பணம் வாங்கினார் என்பதற்காக அவரை ஏளனம் செய்தவர்கள் உண்டு. பணம் வாங்கினார், வாஸ்தவம். ஆனால் கப்பலின் லாக் புத்தகத்தில் அந்த ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதும் வாஸ்தவம்.

இவர்களைப் பற்றி இவ்வளவு நிச்சயமாகப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று கேட்டுக்கொண்டேன். யோக்யதை உண்டு, அது பெருமைக்குரியதல்ல. நான் வங்கியில் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் ஒரு மூதாட்டி என் கவுண்டருக்கு வந்தார். கூடவே ஓர் ஆள். அந்த அம்மாளின் டெபாசிட்டுகளை முதிர்வதற்கு முன்பே ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து எடுத்தார்கள். முதல் தடவை மருத்துவச் செலவு. இரண்டாம் தடவை காரணம் கேட்டபோது கூட வந்தவர் பதில் சொன்னார். மூன்றாம் தடவை அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. எழுந்துபோய் அதிகாரியிடம் சொன்னேன்: மூன்றாவது டெபாசிட் சார், முதிர்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, கூட ஒருவர் வருகிறார். எண்ணிக்கை, தேதி, திசை. தலையை நிமிர்த்தாமல் அவர் கேட்டார்: கையெழுத்து ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகிறது என்றேன். பின்னே என்ன? நான் திரும்பி வந்து பணத்தைக் கொடுத்தேன். இந்த அம்மாளை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன் என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அது தவறாகிப் போகலாம், அவமானம் என்னுடையதாகியிருக்கும். விவரத்தை மட்டும் சொன்னால் தவறு யாருடையதும் அல்ல. நாலாவது டெபாசிட்டும் போன பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நம் எழுத்து வட்டாரத்திலும் இந்த நோய் உண்டென்பது என் அபிப்பிராயம். ஒரு படைப்பில் எத்தனை படிமம், எந்த நிறம், எந்தத் திசை என்று பிசகாமல் எண்ணிச் சொல்லிவிட்டு, அது என்ன சொல்கிறது, நம்மிடம் எதைக் கேட்கிறது என்ற இடத்தில் குழாயை மூடிவிடும் விமர்சனம். அதில் பிழை பிடிக்க முடியாது. ஸ்டோனின் அறிக்கையிலும் பிழை இல்லை.

அன்றிரவு 58 மைல் தொலைவில், நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி கார்பேத்தியா என்ற கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் ஒரே ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர், ஹரால்ட் காட்டம். அவரும் படுக்கப் போய்க்கொண்டிருந்தார்; ஆனால் கருவியைக் காதிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அந்த ஓரிரு நிமிஷம்தான் வித்தியாசம். செய்தி கேட்டதும் மேல்தளத்துக்கு ஓடினார். காப்டனின் அறைக்குள் போனார். காப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன் பின்னால் அமெரிக்க செனட் விசாரணையில் சொன்ன வரிசைதான் எனக்கு முக்கியம். முதலில் கப்பலைத் திருப்ப உத்தரவிட்டார். உத்தரவிட்ட பிறகு, உனக்கு நிச்சயம்தானா என்று ஆபரேட்டரைக் கேட்டார். அவருக்கும் சந்தேகம் இருந்தது. மூழ்கவே மூழ்காது என்று பேர்வாங்கிய கப்பல் மூழ்குகிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் நேரத்தில் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியனில் சந்தேகம் தீரும்வரை கப்பல் நின்றது. தார்மீகம் என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது சில சமயம் இந்த வரிசைக்கிரமம்தான் போலும். பனிமலைகளை விலக்கிக்கொண்டு காலை நாலு மணி சுமாருக்குக் கார்பேத்தியா போய்ச் சேர்ந்தது. படகுகளில் இருந்த ஏறக்குறைய 700 பேரை எடுத்துக்கொண்டது. எவன்ஸை எழுப்பி, செய்தி தெரிந்து, கலிஃபோர்னியன் அங்கே வந்தபோது மணி 8.30.

லார்டுக்கு எதிராக மட்டும் பேசுவது நியாயமாகாது. அவரும் போயிருந்தால் பலரை, ஒருவேளை எல்லாரையுமே, காப்பாற்றியிருக்கலாம் என்றது மெர்ஸியின் அறிக்கை. அவர் மீது வழக்கு ஏதும் போடப்படவில்லை. ஆதலால் வழக்கில் தம்மைத் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. லேலண்ட் கம்பெனியிலிருந்து வெளியேற நேர்ந்தது. வேறு கம்பெனியில் சேர்ந்து இருபதுகளின் கடைசிவரை கப்பல் ஓட்டினார். ஐம்பதுகளின் இறுதியில் டைட்டானிக் திரைப்படமாக வந்தபோது, கிழவர் மாலுமிகள் சங்கத்தை நாடி, தம் பெயரைத் துடைக்கக் கேட்டார். 1962-ல் இறந்தார். 1965-லும் 1968-லும் அவர் சார்பில் கொடுக்கப்பட்ட மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 1985-ல் டைட்டானிக்கின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, அது அபயக்குரலில் சொன்ன இடத்திலிருந்து சுமார் 13 மைல் தள்ளிக் கிடந்தது தெரிந்தது. பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு மறுபடி ஆராய்ந்து 1992-ல் அறிக்கை தந்தது. இரண்டு கப்பலுக்கும் இடையே தூரம் 5 முதல் 7 மைல் என்றார் ஓர் அதிகாரி. 17 முதல் 20 மைல் இருக்கும் என்றார் இன்னொருவர். மூன்று விஷயங்களில் வேறுபாடு இல்லை: ராக்கெட்டுகள் காணப்பட்டன, செய்யவேண்டியது செய்யப்படவில்லை, செய்திருந்தாலும் மூழ்கிய பிறகே போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த மூன்றாவது விஷயத்தை லார்டின் ஆதரவாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. போயிருந்தாலும் பயனில்லை என்பது எண்பது வருஷம் கழித்து, மேஜை மேல் வரைபடத்தை விரித்துவைத்துக் கண்டுபிடித்தது. பேசுகுழாயின் அருகே நின்ற ஸ்டோனுக்கு அது தெரியாது. பயனைக் கணக்கிட்டுக் கடமை பிறப்பதில்லை. அந்த மூதாட்டியின் விஷயத்தில் நான் தலையிட்டிருந்தாலும் பணம் போயிருக்கலாம். அதனால் என் மௌனத்தின் எடை குறைந்துவிடாது.

விபத்துக்குப் பின் சட்டம் வளர்ந்தது. 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம், அபயக்குரல் கிடைத்த காப்டன் உதவிக்குப் போகக் கடமைப்பட்டவர் என்றது. இரவும் பகலும் வயர்லெஸ் காவல் வேண்டும் என்றது. உலக யுத்தம் அதை முழுமையாக அமலாக விடவில்லை. பின்வந்த ஒப்பந்தங்கள் அதைத் தொடர்ந்தன. 1972-ம் வருஷத்து மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது, ஒவ்வொரு கப்பலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும், கைவசமுள்ள எல்லாச் சாதனங்களாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. கவனிப்பது ஒரு விதிப்புத்தகத்தில், உதவுவது இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியில்தான் ஸ்டோன் நின்றுகொண்டிருந்தார். அந்த இடைவெளியை நிரப்ப எந்த ஒப்பந்தத்தாலும் ஆகாது.

ஆனாலும் ஒரு விதி அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. 1974-ம் வருஷத்துக் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, ஆபத்தின் தகவல் எந்த வழியாகக் கிடைத்தாலும் காப்டன் முழு வேகத்தில் உதவிக்குப் போகவேண்டும். போக முடியவில்லை, அல்லது போகத் தேவையில்லை என்று கருதினால், அதற்குக் காரணத்தை லாக் புத்தகத்தில் எழுதவேண்டும். போகாதவனைச் சட்டம் கேட்பது ஒரு வாக்கியம். இன்ன காரணத்தால் நான் போகவில்லை என்று தன் கையால் எழுது என்கிறது. கலிஃபோர்னியனின் லாக் புத்தகத்தில் அந்த வாக்கியத்தை எழுதும்படி ஸ்டோனிடமோ லார்டிடமோ அன்றிரவே பேனாவைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? நிறம் வெள்ளையாக இருந்தபடியால் என்றா? எழுத உட்கார்ந்தால் அந்த வரி முடியாது என்று நினைக்கிறேன். பேனா பாதியில் நின்றிருக்கும். யாராவது ஒருவர் எழுந்துபோய் எவன்ஸைத் தட்டி எழுப்பியிருப்பார்கள்.

எங்கள் வங்கியில் பணம் கொடுத்த சீட்டில் குமாஸ்தாவின் சுருக்கெழுத்து இருக்கும். அந்த நாலு சீட்டிலும் என்னுடையது இருக்கிறது. கையெழுத்து ஒத்துப்பார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அதையும் நான் நிரப்பியிருக்கிறேன். வேறு எதையும் எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லை.